ஓசோனுக்குச் சட்டம் உண்டு, உழைப்பாளியின் மூச்சுக்கு?

ஆண்டுதோறும் செப்டெம்பர் 16ஆந் திகதி உலக ஓசோன் தினம் கொண்டாடப்படுகின்றது. மேடைகள் அமைகின்றன, வாழ்த்துச் செய்திகள் வெளியாகின்றன. வானத்தில் விழுந்த ஓட்டை மெல்ல அடைபட்டு வருகின்றதென்ற மகிழ்ச்சியில் நாமும் பங்குகொள்கின்றோம். ஆயினும் அம்மேடைகளில் உரத்து எழாத கேள்வி ஒன்றை இன்று எழுப்ப விரும்புகின்றோம். ஓசோனைத் தின்ற வாயுவை அகற்றிவிட்டு, அதனிடத்தில் நாம் கொண்டுவந்து வைத்த வாயு, அதனைக் கையாளும் மனிதனை என்ன செய்யும்?

இக்கேள்வியை ஆய்வுகூடத்து அறிஞர்க்கு விட்டுவிடலாமென எண்ணாதீர்கள். வெள்ளவத்தை மாடிவீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டு குளிரூட்டியைத் திருத்தும் இளைஞனின் கேள்வி இது. கொட்டாஞ்சேனையில் ஒடுங்கிய கடையொன்றின் பின்னறையில், குளிர்சாதனப் பெட்டிகளுக்கு நடுவே நாளெல்லாம் நிற்பவனின் கேள்வி. கடலோரத்து ஐஸ் தொழிற்சாலையில் இரவுப்பணி புரிபவனின் கேள்வி. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றை நம்பிப் பயிர் செய்யும் கமக்காரனின் கேள்வியும் இதுவே.

இலங்கை 1989 டிசம்பர் 15ஆந் திகதி மொன்றியல் உடன்படிக்கையில் இணைந்தது. 2018 செப்டெம்பர் 28ஆந் திகதி கிகாலித் திருத்தத்தையும் உறுதிப்படுத்தியது. வளர்முக நாடுகள் யாவும் குளோரோபுளோரோகாபன் வாயுக்களை 2010 சனவரி 1ஆந் திகதியுடன் கைவிடவேண்டுமென்பது உடன்படிக்கையின் விதி. அவற்றின் இடத்தைப் பிடித்த ஆர்-22 முதலிய இரண்டாந் தலைமுறை வாயுக்களும் 2025இல் 67.5 சதவீதம் குறைக்கப்படவேண்டும். பழைய யந்திரங்களைத் திருத்துவதற்கான சிறு பங்கு நீங்கலாக, 2030இல் முற்றாய் ஒழியவேண்டும். இதனாற் பெரும்பயன் விளைந்தது. உலக வானிலை நிறுவனமும் ஐ.நா. சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டமும் 2023 சனவரியில் வெளியிட்ட மதிப்பீடு, இன்றைய விதிகள் தொடர்ந்தால் உலகின் பெரும்பகுதியில் ஓசோன் படலம் 2040 அளவில் 1980ஆம் ஆண்டின் நிலைக்கு மீளுமெனக் கூறுகின்றது. தோற் புற்றுநோயிலிருந்தும் கண்புரையிலிருந்தும் எண்ணற்றோர் காக்கப்படுவர். ஆதலின் பழைய வாயுக்களுக்கே திரும்புவோமென்று வாதிப்பார்க்கு இக்கட்டுரையில் இடமில்லை. எமது வழக்கு வேறு.

"ஆபத்தற்றது" என்ற பட்டம்

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். அமெரிக்காவில் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி பரவத் தொடங்கிய காலத்தில் அதன் குழாய்களில் ஓடியவை கந்தகவீரொட்சைட்டு, மெதைல் குளோரைட்டு, அமோனியா என்பன. கசிவு ஏற்பட்டால் உறங்கிய குடும்பம் உறக்கத்திலேயே மாளும். 1928, 1929ஆம் ஆண்டுகளில் சிக்காகோ நகரில் மெதைல் குளோரைட்டுக்குப் பலர் பலியாயினர். இத்தகைய வாயுக்களுக்கு மாற்றாகவே தோமஸ் மிட்ஜ்லி என்னும் பொறியியலாளர் குளோரோபுளோரோகாபனைக் கொண்டுவந்தார். 1930இல் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் கூட்டத்தில் அவ்வாயுவைத் தம் நெஞ்சு நிறைய இழுத்து, மெழுகுதிரியின் மேல் ஊதிச் சுடரை அணைத்துக் காட்டினார். நஞ்சில்லை, தீப்பற்றாது என்பதற்கு அதுவே சான்றாயிற்று. "ஆபத்தற்றது" என்ற பட்டமும் கிடைத்தது.

44 ஆண்டுகள் கழிந்தன. 1974இல் மொலினா, றோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள், அதே வாயு மேல்வானிலேறி ஓசோனைச் சிதைக்குமென எழுதினர். 1985இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் படலம் தேய்ந்துபோனதை அளந்து உலகுக்கு அறிவித்தனர்.

மிட்ஜ்லி பொய் சொல்லவில்லை. அன்று கேட்கப்பட்ட கேள்வி, "அறையிலிருப்பவரைக் கொல்லுமா?" என்பது. "வானத்தை என்ன செய்யும்?" என்று கேட்பாரில்லை. இன்றோ நிலைமை தலைகீழாயிற்று. வானத்தை என்ன செய்யுமென்று உடன்படிக்கை வைத்துக் கேட்கின்றோம். அறையிலிருப்பவரை என்ன செய்யுமென்று கேட்பதை மறந்துவிட்டோம். ஒரு கண்ணைத் திறக்கும்போது மறுகண்ணை மூடிக்கொள்வது அறிவுடைமையாகுமோ?

மொன்றியல் உடன்படிக்கை கேட்பது ஓசோனைப் பற்றி. கிகாலித் திருத்தம் கேட்பது உலகின் வெப்பத்தைப் பற்றி. மூச்சைப் பற்றியும் நெருப்பைப் பற்றியும் நீரைப் பற்றியும் கேட்கும் பொறுப்பு அந்தந்த நாட்டின் சொந்தச் சட்டத்துக்கு விடப்பட்டுள்ளது. அப்பொறுப்பை நம் நாடு எவ்வளவு நிறைவேற்றியது என்பதே இங்கு வழக்கு.

மூச்சு

குளிரூட்டும் வாயுக்களுக்குச் சர்வதேச வகைப்பாடு ஒன்றுண்டு. ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் கொண்டது அது. "ஏ" என்றால் நச்சுத்தன்மை குறைவு. "பி" என்றால் அதிகம். எண் 1 என்றால் தீப்பரவாது. 3 என்றால் எளிதிற் பற்றும். ஆர்-22 வாயு ஏ-1. பெருங்கட்டிடங்களின் குளிரூட்டும் பொறிகளிற் புகுந்த ஆர்-123 வாயு பி-1. புரொப்பேன் ஏ-3. ஒரு சிறு சீட்டில் அடங்கும் செய்தி இது. இதனை அறிந்து தொழில் செய்பவர் எத்தனை பேர்?

ஏ-1 என்பதும் முழுக் காப்பன்று. இவ்வாயுக்களுட் பல காற்றிலும் கனமானவை. மூடிய அறையிற் கசிந்தால் தரையோடு படிந்து, மூச்சுக்குரிய காற்றைத் தள்ளிவிடும். திரவமாய்க் கையிற் பட்டால் தசை உறையும். குழாயை ஒட்டுவதற்குத் தீச்சுவாலை பிடிக்கும்போது எஞ்சிய வாயு அதிற்பட்டால் ஐதரசன் புளோரைட்டு என்னும் அரிக்கும் நஞ்சு பிறக்கும். குளோரீன் கொண்ட ஆர்-22இலிருந்து பொஸ்ஜீன் வாயுவும் பிறக்கும். முதலாம் உலகப் போரில் படைவீரரைக் கொல்ல ஏவப்பட்டது இந்தப் பொஸ்ஜீன்தான். போர்க்களத்தில் முகமூடி கொடுத்தார்கள். நம் திருத்துநனுக்கு எவர் கொடுத்தார்?

பெல்ஜியத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். ஒரு தொழிற்சாலையில் ஒன்பது தொழிலாளர்க்கு ஈரல் அழற்சி கண்டது. மருத்துவர்கள் காரணத்தைத் தேடினர். அவர்கள் பணிபுரிந்த இடத்துக் குளிரூட்டியின் குழாயிற் கசிவு இருந்தது. அதிலிருந்து வெளியானவை ஆர்-123, ஆர்-124 என்னும் வாயுக்கள். ஓசோனுக்குத் தீங்கு குறைவென்று பழைய வாயுவின் இடத்தில் வைக்கப்பட்டவை அவை! 1997இல் லான்செற் மருத்துவ ஏடு இதனை வெளியிட்டது. ஹலோதேன் என்னும் மயக்கமருந்தினால் ஈரல் கெடுவதை நம் டாக்டர்கள் அறிவர். ஆர்-123 உடலுட் புகுந்தால் ஈரலில் விளைவதும் அதே வகைச் சிதைவுப் பொருள். ஒன்பது பேரும் நஞ்சுண்ணச் சென்றவரல்லர். குளிர்ந்த அறையில் வேலைக்குச் சென்றவர்.

பெயர் ஒன்றாய்ப் பொருள் வேறாய் வருவது மற்றோர் ஆபத்து. 2011இல் குளிரூட்டப்பட்ட கப்பற் கொள்கலன்கள் சில வெடித்தன. வியட்நாமிலும் பிரேசிலிலும் மூன்று தொழிலாளர் மாண்டனர். வியட்நாமில் திருத்தப்பட்ட அக்கொள்கலன்களில் ஆர்-134ஏ என்ற பெயரில் கலப்பட வாயு ஏற்றப்பட்டிருந்தது. அக்கலப்படம் எதுவெனில், 1929இல் அமெரிக்க வீடுகளிற் கொன்ற அதே மெதைல் குளோரைட்டு! அது பொறியின் அலுமினியத்தோடு சேர்ந்து, காற்றுப்பட்டாலே தீப்பிடிக்கும் பொருளாயிற்று. 80 ஆண்டுகளின் முன் வாசல்வழியே துரத்தப்பட்ட கொலையாளி, புதிய பெயர்ச்சீட்டைக் கழுத்திற் கட்டிக்கொண்டு பின்கதவால் நுழைந்துவிட்டான். உலகக் கொள்கலன்கள் வந்துபோகும் துறைமுகம் கொழும்புக்கும் உண்டு என்பதை மறவாதீர்கள்.

அமோனியாவோ ஓசோனையும் தொடாது, உலகின் வெப்பத்தையும் கூட்டாது. வானத்தின் கணக்கிற் குற்றமற்றது. மனிதனின் கணக்கில்? 2018 ஏப்ரலில் ஹொறணை, பெல்லப்பிட்டியவிலே இறப்பர்த் தொழிற்சாலையொன்றின் அமோனியாத் தாங்கியில் ஐவர் உயிரிழந்தனர். விழுந்தவரைக் காப்பாற்றச் சென்றோரும் மாண்டனர். 2024 சூலையில் கடலுக்கு அப்பால், தூத்துக்குடியை அடுத்த மீன் பதனிடும் ஆலையொன்றில் அமோனியா கசிந்து, பெண் தொழிலாளர் பலர் மயங்கி வீழ்ந்தனர். குளிரூட்டும் பொறியாயினும் இறப்பர்ப் பாலாயினும் அமோனியா அமோனியாவே.

நெருப்பு

2021ஆம் ஆண்டின் நவம்பர், டிசம்பர் மாதங்களை இந்நாட்டு இல்லத்தரசிகள் மறக்கமாட்டார்கள். சமையலறைகளில் எரிவாயு வெடித்தது, அடுப்புகள் சிதறின, உயிர்களும் போயின. ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். உருளைக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே முக்கிய காரணமெனக் குழு கண்டது. கலவை மாறியதைப் பாவனையாளருக்கு எவரும் சொல்லவில்லை. உருளை பழைய உருளை. நிறம் பழைய நிறம். உள்ளே இருந்தது வேறு.

இதனை ஏன் இங்கே சொல்கின்றோம்? குளிரூட்டும் தொழிலில் ஆர்-290 எனப்படுவது அதே புரொப்பேன். ஆர்-600ஏ எனப்படுவது பியூட்டேனின் உடன்பிறப்பாகிய ஐசோபியூட்டேன். இன்று கடையில் வாங்கும் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகள் பலவற்றில் ஓடுவது ஐசோபியூட்டேனே. ஓசோனுக்கும் தட்பவெப்பத்துக்கும் இவை மிக நல்லவை. வீட்டுப் பெட்டியில் 150 கிராமுக்கு மேற்படாமல், அடைத்து மூடி, எச்சரிக்கை ஒட்டி வைக்கும்போது உலகெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் அமைதியாய் ஓடுகின்றன. அதனை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கின்றோம். ஆனால் மலிவாய்க் கிடைக்கும் எரிவாயுவை, அதற்கென ஆக்கப்படாத பழைய யந்திரத்துள் ஏற்றுவது உலகின் பல பாகங்களிலும் கண்ட முறைகேடு. நெருப்பு அடுப்பிலிருந்தால் சோறு வேகும். கூரையேறினால் வீடு வேகும். எங்கே இருக்கவேண்டுமென்று வரையறுப்பதே சட்டத்தின் வேலை.

கமக்காரர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று நியூசிலாந்திலிருந்து வருகின்றது. தமஹேரே என்னுமிடத்தில் உணவுப்பொருள்களைக் காக்கும் பெருங் குளிர்க்களஞ்சியம் ஒன்று இருந்தது. அதன் பொறிகளில் புரொப்பேனை முதலாகக் கொண்ட வாயு ஓடியது. 2008 ஏப்ரல் 5ஆந் திகதி எச்சரிக்கை மணி ஒலிக்கத் தீயணைக்கும் படையினர் எண்மர் விரைந்தனர். உள்ளே எரிவாயு உண்டென்று அவர்களுக்கு எவரும் சொல்லி வைக்கவில்லை. சமையல் வாயுவுக்கு நாற்றமூட்டும் பொருள் சேர்ப்பதுபோல அவ்வாயுவிற் சேர்க்கவுமில்லை. களஞ்சியம் வெடித்தது; ஒருவர் மாண்டார்; எழுவர் படுகாயமுற்றனர். அணைக்க வந்தவரையே நெருப்பு விழுங்கியது.

நம் நாட்டிலும் குளிர்க்களஞ்சியங்களின் காலம் பிறந்துள்ளது. 2025 ஏப்ரலில் தம்புள்ளையில், வெப்பமும் ஈரப்பதனும் கட்டுப்படுத்தப்பட்ட 5,000 மெற்றிக்தொன் கொள்ளளவுள்ள களஞ்சியம் இந்திய உதவியுடன் திறந்துவைக்கப்பட்டது. இவ்வாறானவை வடக்கிலும் கிழக்கிலும் எழவேண்டும். விளைந்த வெங்காயமும் உருளைக்கிழங்கும் அழுகிப் போகாமல் நல்ல விலைக்குக் காத்திருக்க வேண்டும். ஆனால் அக்களஞ்சியம் ஒவ்வொன்றின் வாசலிலும், உள்ளே ஓடும் வாயு எது, எத்தனை கிலோ, கசிந்தால் செய்யவேண்டியது என்ன என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதியிருக்கவேண்டும். தீயணைக்கும் படைக்கு அப்பிரதி முன்னரே போய்ச் சேரவேண்டும். ஒரு பலகையும் ஒரு கடிதமுமே இதற்கு வேண்டிய செலவு.

நீர்

மூன்றாவது ஆபத்துக்கு மணமுமில்லை, ஓசையுமில்லை. ஆர்-134ஏ வாயு வளிமண்டலத்தில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் தங்கி வெப்பத்தைக் கூட்டுகின்றது. அதற்கு மாற்றாக மோட்டார் வண்டிகளிற் புகுந்த ஆர்-1234வைஎப் என்னும் புதிய வாயு இரு வாரத்துக்குள் சிதைந்துவிடும். நல்லதன்றோ எனக் கேட்பீர்கள். சிதைந்து என்ன ஆகின்றது என்பதையும் கேளுங்கள். ஏறக்குறைய முழுவதும் டிரைபுளோரோ அசற்றிக் அமிலமாகின்றது. அந்த அமிலம் மழையோடு இறங்கும், மண்ணில் நில்லாமல் நீரோடு ஓடும், இயற்கையில் எளிதில் அழியாது, காய்ச்சினாலும் போகாது. பயிர் நீரோடு உறிஞ்சினால் இலையிலே சேரும்.

ஐ.நா.வின் வல்லுநர் குழு, இன்று காணப்படும் அளவு மனிதர்க்குத் தீங்காகுமெனக் கருதவில்லை. இதனை மறைப்பது நேர்மையன்று. ஆயினும் ஐரோப்பியர் கைகட்டி இருக்கவில்லை. 2023இல் ஜேர்மனி, டென்மார்க், நெதர்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாடுகள், அழியாத புளோரீன் சேர்வைகளைக் கட்டுப்படுத்தும் யோசனையை முன்வைத்தன. குளிரூட்டும் வாயுக்கள் பலவும் அதில் அடங்கும். அதன் பின்னர் ஜேர்மனிய அதிகாரிகள் இவ்வமிலத்தை இனப்பெருக்கத்துக்குத் தீங்கானதென வகைப்படுத்தவும் யோசனை கொடுத்தனர். ஆறுகள் பல ஓடும் நாடுகள் அஞ்சுகின்றன. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு எதனை நம்பி உறங்குகின்றது?

மாரி மழை சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி நன்னீராய்த் தங்குவதே நமக்குள்ள ஒரே செல்வம். குடிப்பதும் அதையே, இறைப்பதும் அதையே. இரசாயன உரத்தின் நைத்திரேற்று ஏற்கெனவே அதிற் கலந்துள்ளது. சுன்னாகத்தில் மின்னிலையத்தின் எண்ணெய் கிணறுகளைக் கெடுத்த கதையை அறியாதார் இல்லை. அது குறித்து 2015இல் தொடுக்கப்பட்ட அடிப்படை உரிமை வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆந் திகதி இதே புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கோட்பாட்டை நிலைநாட்டி, 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. போற்றத்தக்க தீர்ப்பு. ஆனால் நீதி வந்தது கிணறு கெட்ட பின்னர். எண்ணெய்க்கு ஒரு மின்னிலையம் இருந்தது. கூண்டில் நிறுத்த ஓர் எதிரி இருந்தார். மழையோடு வரும் அமிலத்துக்கு எதிரி யார்? எந்த நாட்டு வண்டியிலிருந்து கசிந்ததென்று எந்த நீதிமன்றில் நிறுவுவீர்? வழக்காட முடியாத கேட்டை முன்னரே தடுப்பதன்றி வேறு வழியில்லை.

சட்டம் எங்கே நிற்கின்றது?

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம், தொழிற்சாலை என்னும் நான்கு சுவர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. ஏணியைத் தோளிற் சுமந்து வீடுவீடாய்ச் செல்லும் திருத்துநனின் தொழிற்சாலை எது? 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், வேலை கொள்வோன், வேலையாள் என்னும் உறவு இருந்தாற்றான் துணைநிற்கும். தன் கையே தனக்குதவியென்று சொந்தமாய்த் தொழில் செய்பவன் எவரிடம் நட்டஈடு கேட்பான்? வழக்குத் தொடுக்கலாமே என்பீர்கள். நமது உரோமன் டச்சுச் சட்டத்தின்படி எதிரியின் கவனயீனத்தை வழக்காளியே நிறுவவேண்டும். எந்த வாயு, எவ்வளவு, எத்தனை நாள் என்று அறியாதவன் எதனை நிறுவுவான்? அவன் கையிலுள்ள ஒரே சான்று அவனுடைய கெட்டுப்போன ஈரல்.

பிறநாடுகள் இதற்கு வழி கண்டுள்ளன. 1990இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்தின் 612ஆம் பிரிவு, ஓசோனை அழிக்கும் பொருளுக்கு மாற்றாக வரும் ஒவ்வொன்றையும் மனித ஆரோக்கியம், சுற்றாடல் ஆகிய இரண்டின் மொத்த ஆபத்தையும் வைத்து நிறுக்கக் கட்டளையிடுகின்றது. புதிய மாற்றுப்பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் 90 நாள்களுக்கு முன்னரே அறிவிக்கவேண்டும். நச்சுத்தன்மை, தீப்பற்றுந்தன்மை யாவும் ஆராயப்பட்டு, ஏற்கத்தக்கது, நிபந்தனையோடு ஏற்கத்தக்கது, தகாதது என்று பட்டியல் வெளியாகின்றது. அந்நாட்டின் எல்லாச் செயலும் நமக்கு உவப்பல்ல. ஆயினும் நல்ல சட்டத்தை எங்கிருந்தும் எடுத்தாளலாம். மாற்றுவாயுவின் மீது அறிவிப்புக் கடமையையும் ஆராய்ச்சிக் கடமையையும் சுமத்தும் அத்தகைய பிரிவு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்திலும் இடம்பெறவேண்டும் என்பதே எமது முதற் கோரிக்கை.

எதிர்வாதங்கள்

"கசிவது கொஞ்சந்தானே" என்பர் சிலர். பெல்ஜியத்திலும் கொஞ்சந்தான் கசிந்தது, நாள்தோறும் கசிந்தது.

"ஏழை நாடு, பாதுகாப்புக்குப் பணமில்லை" என்பர் வேறு சிலர். ஆயத்தமில்லாத மாற்றத்தின் விலை என்னவென்று கமக்காரரைக் கேளுங்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தினார்கள். மாற்றுரம் ஆயத்தமில்லை, கமக்காரனுக்குப் பயிற்சியில்லை, காலமும் கொடுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கட்டளையைத் திரும்பப் பெற்றார்கள். இடையில் வயல் பட்ட நட்டத்தை யார் திரும்பக் கொடுத்தார்? நோக்கம் நல்லதென்பதால் முறை நல்லதாகிவிடாது.

"திருத்துநர்களுக்குப் பயிற்சி அளிக்கின்றோமே" என்பர் அதிகாரிகள். அளிக்கின்றீர்கள், மறுக்கவில்லை, நன்றி கூறுகின்றோம். ஆனால் பயிற்சி சென்றடைந்தவன் பாக்கியசாலி, சென்றடையாதவன்? தயவாய்க் கொடுப்பது பயிற்சி. உரிமையாய்க் கிடைப்பது சட்டம். தயவு வரவுசெலவுத் திட்டத்தோடு சுருங்கும், உரிமை சுருங்காது.

நாம் கேட்பவை

முதலாவது, முன்னர் கூறிய சட்டப்பிரிவு. இறக்குமதியாகும் ஒவ்வொரு மாற்றுவாயுவும் வானம், மூச்சு, நெருப்பு, நீர் என்னும் நான்கு துலாக்களிலும் நிறுக்கப்பட்டு, எந்த யந்திரத்தில் எவ்வளவு என்ற நிபந்தனையோடு மும்மொழி வர்த்தமானியில் வெளியாகவேண்டும்.

இரண்டாவது, மொழி. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரையில் எழுதிவிட்டது. உங்கள் தெருவின் திருத்துநனிடமுள்ள உருளையைச் சென்று பாருங்கள். அதில் தமிழ் எங்கே? மொழியுரிமையை மேடை அலங்காரமென்று ஏளனம் செய்வோர்க்கு ஒன்று சொல்வோம்: "தீப்பற்றும்" என்ற ஒரு சொல்லைத் தன் மொழியில் வாசிக்க முடியாதவன் இழப்பது இலக்கிய இன்பத்தை அன்று; உயிரை. சிங்களத் தொழிலாளியின் நுரையீரலும் நமது நுரையீரல் போன்றதே. அவனுக்கும் அவன் மொழியில் எழுதுங்கள்.

மூன்றாவது, நட்டஈடு. சொந்தமாய்த் தொழில் செய்யும் திருத்துநனையும் காக்கும்வண்ணம் நட்டஈட்டுச் சட்டம் விரிவாகவேண்டும். இறக்குமதி செய்வோர் கிலோவுக்கு ஒரு சிறு தொகை செலுத்தும் நிதியம் அமைக்கலாம். இவ்வாயுக்களோடு பழகியவனுக்கு இவற்றால் விளையக்கூடிய நோய் கண்டால், தொழிலே காரணமென முதலில் ஊகிக்கவேண்டும். அன்றென்று நிறுவும் பாரம் மறுதரப்பைச் சாரட்டும்.

நான்காவது, கிணறு. குடாநாட்டின் நிலத்தடி நீரில் மேற்கூறிய அமிலத்தின் அளவை இன்றே அளந்து எழுதிவைக்கவேண்டும். ஆண்டுக்கொருமுறை மீண்டும் அளந்து, முடிவுகளை மக்களுக்கு வெளியிடவேண்டும். இன்றைய அளவு தெரிந்தாற்றான் பத்தாண்டுகளின் பின் ஏறியதா இல்லையா என்று சொல்லலாம். சான்றை முன்கூட்டியே சேர்ப்பவனே வழக்கில் வெல்வான்.

அரசாங்கம் தானாய் விழித்துக்கொள்ளுமென்று காத்திருப்பது நம் மரபன்று. டாக்டர்களே! காரணந் தெரியாத ஈரல் நோயோடு இளைஞன் ஒருவன் வந்தால், "என்ன தொழில் செய்கின்றாய்? எந்த வாயுவைக் கையாள்கின்றாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்; பதிலை எழுதிவையுங்கள். பொறியியலாளர்களே! நீங்கள் ஒப்பமிடும் கட்டிடத்தின் பொறி அறையில் கசிவை அறியும் கருவியும் காற்றோட்டமும் இல்லையேல் ஒப்பமிடாதீர்கள். கமக்காரப் பெருமக்களே! உங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குக் குளிர்க்களஞ்சியம் தருகின்றோமென்று வருவோரிடம், கட்டடத்தின் நீள அகலத்தைக் கேட்குமுன் வாயுவின் பெயரைக் கேளுங்கள். பதில் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கின்றது. பொது அதிகாரசபையிடம் எழுத்திற் கேளுங்கள். சட்டத்தரணிகளாகிய நாமோ கேட்டுப் பெற்ற பதில்களோடு உயர் நீதிமன்றத்தின் படியேற ஆயத்தமாயிருக்கவேண்டும்.

ஓசோனின் வழக்கில் உலகம் வென்றது. விஞ்ஞானி சான்று கொடுத்தான், மக்கள் குரல் கொடுத்தனர், அரசுகள் பணிந்தன. வாய் பேசாத வானத்துக்காக அவ்வளவு செய்த உலகில், வாயிருந்தும் பேச்சிழந்து நிற்கும் உழைப்பாளிக்காகப் பேசுதல் நம் கடன். 2030ஆம் ஆண்டு நெருங்குகின்றது. பழைய வாயுக்கள் போய்ப் புதியவை எல்லா வீட்டிலும் எல்லாக் களஞ்சியத்திலும் புகுமுன், சட்டம் புகுந்துவிடவேண்டும். பிந்தினால் நாம் எழுதப்போவது சட்டமன்று, இரங்கற்பா.